ஒண்ணும் ஆகாது என்று சொல்லாதீர்கள்

பல் பிடுங்கிக்கொள்ளப் பயம் என்று வெளியில் சொல்ல நம்மில் யாருக்கும் மனம் வருவதில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்றால் பயப்படலாம். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கலாம், ஆபீசில் பத்து நாள் லீவு கேட்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். பல் என்றால் மட்டும் "இதுக்குப் போயா?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் பயப்படுகிறவர் வேறு காரணங்களைத் தேடுகிறார். "இந்த மாசம் ஆபீசில் ஆடிட்", "குழந்தைகளுக்குப் பரீட்சை முடியட்டும்", "வலி இப்போது பரவாயில்லை". காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பல் அங்கேயேதான் இருக்கும்.

இந்தப் பயத்தைப் பற்றி நாம் வீட்டிலும் சங்கத்திலும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து. முக்கியமாக, கடைசியாக முளைக்கும் ஞானப் பல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஊரை விட்டு வந்தவர்களுக்கும் அந்தப் பல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

ஞானப் பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிறது. விவரம் தெரிந்த வயதில் வருவதால் அந்தப் பெயர். இங்கே டில்லியில் இதை 'அக்கல் தாட்' என்கிறார்கள். அதற்கும் அறிவுப் பல் என்றுதான் பொருள். ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு மாதிரியானது. 'ஒயாஷிராஸு' என்பார்கள். பெற்றோர் அறியாதது என்று அதற்கு அர்த்தம். பிள்ளை வளர்ந்து, அம்மா அப்பாவின் கண்பார்வையிலிருந்து விலகிய பிறகு முளைக்கும் பல் என்பதால் அப்படிச் சொல்வதாக விளக்கம் தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. படிப்புக்கும் வேலைக்கும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி அவர்கள் இங்கே வந்து இறங்கும் வயதும் அந்தப் பல் முளைக்கும் வயதும் ஒன்றுதான். முதல் சம்பளம், முதல் வாடகை அறை, முதல் குளிர்காலம், அதோடு கூடவே இந்த வலி. அம்மா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள். டாக்டரிடம் ஹிந்தியில் பேச வேண்டும்.

பயத்தில் நியாயம் உண்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல. நாற்காலியில் மல்லாந்து படுத்தபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் மனிதனின் நிலையைச் சற்று யோசியுங்கள். என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வாயில் கருவி இருப்பதால் பேசவும் முடியாது. மூச்சு போகும் வழிக்குப் பக்கத்திலேயே வேலை நடக்கிறது. காதுக்கு அருகில் இயந்திரத்தின் ஓசை. உடம்பின் வேறு எந்தப் பகுதியில் சிகிச்சை நடந்தாலும் இத்தனையும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

மருத்துவ உலகமே இந்தப் பயத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தன் சொந்தப் பல்லையே பிடுங்கச் சொல்லிப் பரிசோதித்தார். அவருடன் முன்பு கூட்டாளியாக இருந்த வில்லியம் மார்ட்டன், 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் கொடுத்து ஒருவருக்குப் பல் எடுத்தார். அடுத்த மாதமே பாஸ்டன் ஆஸ்பத்திரியில் அதே ஈதரைக் கொண்டு அறுவை சிகிச்சை நடந்தது. இன்று இருதய ஆபரேஷன் வரை பயன்படும் மயக்க மருந்து இயலுக்கு வழி திறந்துவிட்டவர்கள் பல் டாக்டர்கள். பல் பிடுங்குவதற்கு மக்கள் அத்தனை பயந்தார்கள், அந்தப் பயம் நியாயமாகவும் இருந்தது என்பதே காரணம்.

பயத்தை அளந்து பார்ப்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1969-இல் நார்மன் கோரா என்பவர் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்ற மாதிரியான கேள்விகள். 1995-இல் ஊசியைப் பற்றிய கேள்வி ஒன்றையும் சேர்த்து அதை ஐந்தாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வீதம் மொத்தம் 25. அதில் 19 அல்லது அதற்கு மேல் வந்தால், சிகிச்சைக்கு முன் பயத்துக்கே தனிக் கவனம் தர வேண்டும் என்று கொள்கிறார்கள். டாக்டர்களே அளந்து பார்க்கும் விஷயத்தை நாம் ஏன் கேலி செய்ய வேண்டும்?

ஆறுதல் சொல்லும் மூன்று வகையினர்

பயந்தவருக்கு நாம் செய்கிற உதவிதான் பல சமயம் உபத்திரவமாகிறது.

முதல் வகையினர் தைரியம் சொல்பவர்கள். "ஒண்ணும் ஆகாது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊசி எறும்புக் கடியைவிட அதிகமாகவே வலிக்கும். அந்த ஒரு நொடியில், இதுவரை தனக்குச் சொல்லப்பட்ட எல்லாமே பொய் என்று நோயாளி முடிவு கட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு டாக்டர் உண்மையைச் சொன்னாலும் நம்பிக்கை வருவதில்லை. குழந்தைகளிடம் இதை அதிகம் செய்கிறோம். ஒரு பொய்யான சமாதானத்தால் அவர்களுக்கு ஆயுள் முழுவதற்குமான பல் பயத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாம் வகையினர் கதை சொல்பவர்கள். "என் மச்சினனுக்கு ஒன்றரை மணி நேரம் போராடினாங்க, கடைசியில சுத்தியலும் உளியும் கொண்டு வந்தாங்க" என்று ஆரம்பிப்பார்கள். சங்கத்து விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கூட இந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறேன். சரியாக முடிந்த நூறு சிகிச்சைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் கதை இல்லையே!

மூன்றாம் வகையினர் கைவைத்தியம் சொல்பவர்கள். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு துளி தொட்டு வைத்தால் சற்று நேரம் வலி மட்டுப்படும் என்பது உண்மை. அளவு மீறினால் ஈறு புண்ணாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வது இன்னும் மோசம், சதையையே சுட்டுவிடும். எப்படியும் இவையெல்லாம் வலியைத்தான் தள்ளிப்போடுகின்றன. காரணம் அப்படியே இருக்கிறது.

மூன்று வகையினரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். பழைய ராஜேந்திர நகரில் அறை எடுத்துத் தங்கி, சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் எங்களுக்குப் பழக்கம். கீழ்த்தாடையில் கடைசிப் பல் பாதி முளைத்து, மேலே ஈறு மூடியிருந்தது. அந்த மடிப்புக்குள் உணவுத் துணுக்கு சேர்ந்து சீழ் பிடித்திருக்கிறது. ஊரிலிருந்து போனில் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். அறை நண்பன் ஒன்றுமில்லை என்றான். இன்னொரு நண்பன் பயங்கரக் கதை சொன்னான். மருந்துக் கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு, வலி குறைந்ததும் நிறுத்திவிட்டான். மூன்றாவது தடவை வந்தபோது இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. இட்லியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன், நாளைக்கு வா" என்று ஹிந்தியில் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். பையன் மறுநாள் போகவில்லை.

என்னிடம் வந்தபோது அவன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், வலிக்குதுன்னு சொல்ல எனக்கு ஹிந்தி தெரியும். பயமா இருக்குன்னு சொல்லத்தான் தெரியலை."

மொழி தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம். வேறொரு டாக்டரிடம் கூடப் போனேன். அவர் பத்து நிமிடம் செலவழித்து, நான் மொழிபெயர்க்க, என்ன செய்யப் போகிறோம் என்று படம் வரைந்து காட்டினார். முதலில் சீழைக் கழுவிச் சுத்தம் செய்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுத்தார்கள். அந்தப் பையனைத் தேற்றியது நான் சொன்ன தைரியம் அல்ல, அந்தப் பத்து நிமிட விவரம். நான் சொல்ல வந்த கருத்தும் அதுவே. பயந்தவருக்குத் தைரியத்தைவிட விவரமே உதவும். அந்த விவரம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்.

உண்மையில் என்ன நடக்கிறது?

எனக்கே கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் எடுத்தாகிவிட்டது. அந்த அனுபவத்தையும் பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் முழுத் தாடையும் தெரியும்படி ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். பல் நேராக இருக்கிறதா, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து கிடக்கிறதா, வேர்கள் எத்தனை, கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று அதில் தெரியும். மிக அருகில் இருந்தால் சிலருக்கு ஸ்கேனும் தேவைப்படலாம்.

பிறகு மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகைன் என்ற மருந்து. 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டு இன்றுவரை உலகமெங்கும் பயன்படுவது. குத்தும்போது வலிக்கும். சில விநாடிகள் அழுத்தமாக இருக்கும், பிறகு அடங்கும். ஈறில் முன்கூட்டியே களிம்பு தடவச் சொன்னால் குத்துவது குறைவாகத் தெரியும். இந்த மருந்தோடு பல சமயம் அட்ரினலினும் கலந்திருக்கும். அதனால் ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளலாம். சில நிமிடத்தில் தானே சரியாகிவிடும். இதை அறியாதவர்கள், மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்து மேலும் பதறுகிறார்கள். முன்பே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இல்லை.

சில நிமிடங்களில் உதடும் நாக்கின் ஒரு பக்கமும் தடித்துப்போன மாதிரி இருக்கும். இங்கேதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. ஊசி வலியை மட்டும்தான் நிறுத்துகிறது. அழுத்தம் தெரியும். தாடையைப் பிடித்து அசைப்பது தெரியும். பல்லைத் துண்டாக்கும்போது 'கடக்' என்று மண்டைக்குள் கேட்கும். இவை எதுவும் மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. அதேபோல், பல்லைத் துண்டாக்கி எடுப்பது கஷ்டமான கேஸ் என்பதற்கும் அடையாளம் அல்ல. சுற்றியுள்ள எலும்பை அதிகம் தொடாமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். இத்தனைக்கும் மீறிக் கூர்மையான வலி தெரிந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. சொன்னால் இன்னும் மருந்து போடுவார்கள். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை.

பிறகு தேவையானால் தையல், பஞ்சைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். வலி மாத்திரையை மரப்பு விலகும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொன்னபடி அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள் வெளியே கன்னத்தில் ஐஸ் ஒற்றடம். வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். இது தெரியாதவர்கள் இரண்டாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, 'ஏதோ கெட்டுவிட்டது' என்று அழுகிறார்கள். நன்றாக ஆறின தயிர்சாதமும் ரசம் சாதமும் நமக்கு வரப்பிரசாதம். முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிப்பது, துப்புவது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது கூடாது. பள்ளத்தில் உறைந்திருக்கும் ரத்தம்தான் புண்ணுக்கு மருந்து. அது கழன்றுவிட்டால் சில நாளில் எலும்பு வரை குடையும் வலி வரும். சிகரெட்டும் கைனியும் அதற்கு வாசலைத் திறந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் நானும் முதல் வகையில் சேர்ந்துவிடுவேன். கீழ்ப் பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருந்தால், சிலருக்குக் கீழ் உதடும் மோவாயும் சில வாரம் அல்லது சில மாதம் மரத்திருக்கலாம். மிகச் சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருந்துவிடலாம். உங்கள் எக்ஸ்ரேயில் அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு மட்டும் பயப்பட வேண்டாம். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு.

'எடுத்தே ஆகவேண்டுமா?' என்று கேட்பதும் பயத்தின் பேச்சு அல்ல. வலியோ சீழோ சொத்தையோ பக்கத்துப் பல்லுக்குக் கெடுதலோ இல்லாமல் சும்மா இருக்கும் ஞானப் பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி, பிரிட்டனில் 'நைஸ்' என்ற அரசு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. எல்லா நாட்டு டாக்டர்களும் அப்படியே பின்பற்றுகிறார்கள் என்றில்லை. எனவே காரணம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். தாடை ஆபரேஷனில் எம்.டி.எஸ். படித்த நிபுணர்கள் எல்லாப் பெரிய நகரங்களிலும் இருக்கிறார்கள். டில்லியில் மௌலானா ஆசாத், கல்கத்தாவில் ஆர். அகமது, மும்பையிலும் பெங்களூரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் என்று செலவு குறைந்த இடங்களும் உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், தாடைக்குக் கீழே கழுத்தில் வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல் - இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்லிலிருந்து கழுத்துக்குப் பரவும் சீழ் உயிருக்கே ஆபத்தாகும். எந்த ஆபரேஷனைக் கண்டு பயப்படுகிறோமோ, அதைவிட அதைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம்.

பயத்தோடேயே போவது எப்படி?

பயம் முழுவதும் போன பிறகு போகலாம் என்றிருந்தால் போகவே முடியாது. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இது புதிதல்ல. தெரிந்தால் அவர் நிதானமாகச் செய்வார். மிகவும் பயம் என்றால், தூக்கம் வருவது போன்ற மருந்தோ முழு மயக்கமோ கொடுத்துச் செய்யும் வசதியும் பெரிய இடங்களில் உண்டு. இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அந்தக் கையைத் தூக்கவே வேண்டியிருக்காது. தூக்கலாம் என்று இருப்பதே போதும்.

காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மாலை வரை யோசித்துக்கொண்டே இருப்பது பெரிய தண்டனை. ராகு காலம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே சாக்காக வைத்து அடுத்த மாதத்துக்குப் போய்விடாதீர்கள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. வாயில் மட்டும் மரப்பு ஊசி என்றால் அது தேவையில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். பசியும் பயமும் சேர்ந்தால்தான் நாற்காலியில் மயங்கி விழுகிறார்கள். முழு மயக்க மருந்தோ தூக்க மருந்தோ என்றால் மட்டும் டாக்டர் சொல்லும் நேரத்திலிருந்து பட்டினி இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமை - எதுவாக இருந்தாலும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் நினைவு வராது.

நாற்காலியில் மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நான் மூச்சை எண்ணினேன். ஒருவர் சஹஸ்ரநாமம் சொல்லுவார், இன்னொருவர் இளையராஜா பாட்டை மனதுக்குள் ஓட்டுவார். மனம் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விவரம் சொன்னால் பயம் கூடாதா என்று சிலர் கேட்கலாம். சிலருக்குக் கூடும். "எதுவும் சொல்லாதீங்க, முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கருவிகளின் படத்தைக் காட்ட வேண்டாம். உனக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டுவிட்டு அந்த அளவுக்குச் சொல்லலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்தான்.

நம் சங்கம் செய்யக்கூடியது

வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை வார்த்தைகள் நமக்கு இருக்கின்றன! விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, குடைகிறது, கூசுகிறது, கடுக்கிறது, மதமதவென்று இருக்கிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு வேறு வேறு செய்தி. ஊரை விட்டு வந்தவர் இவை அத்தனையையும் 'தர்த்' என்ற ஒரே வார்த்தைக்குள் அடைத்துவிடுகிறார். ஹிந்தியிலும் சொற்கள் இல்லாமல் இல்லை. தெறிப்புக்கு 'டீஸ்', கூச்சத்துக்கு 'டண்டா கரம் லக்தா ஹை', வீக்கத்துக்கு 'ஸூஜன்', சீழுக்கு 'மவாத்', மரத்துப்போவதற்கு 'ஸுன்', நிறுத்துங்கள் என்பதற்கு 'ருக்கியே'. 'முஜே டர் லக் ரஹா ஹை' என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு கஷ்டம். ஏழாவது படிக்கும் பேத்திதான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பாட்டியின் பயத்தையும் டாக்டர் சொல்லும் ஆபத்துகளையும் அந்தக் குழந்தை சுமக்க வேண்டியிருக்கிறது. பயம் அதற்கும் தொற்றிக்கொள்கிறது. பாட்டியோ குழந்தை பயந்துவிடுமே என்று பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். இது சரியல்ல. பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நல்லது. அதோடு ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பேர், ஓய்வு பெற்றவர்களோ வீட்டில் இருப்பவர்களோ, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வருவதற்குப் பெயர் கொடுக்கட்டும். கரோல்பாகில் இரண்டு பேர், ஆர்.கே.புரத்தில் இரண்டு பேர், மயூர் விஹாரில் இரண்டு பேர். பணம் வேண்டாம், மருத்துவ அறிவும் வேண்டாம். இரண்டு மொழி தெரிந்து, மூன்று மணி நேரம் ஒதுக்கி, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்திருந்தால் போதும். அந்தப் பட்டியல் இந்தப் பத்திரிகையிலேயே வரட்டும். நம் பகுதியில் உள்ள தமிழ் தெரிந்த பல் டாக்டர்களில் ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து, தனியாகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் கேள்வி கேட்க ஒரு மாலைப் பொழுது கொடுக்கலாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். நமக்கு வந்து, தெரிந்து, தேறியும் விட்டோம். அடுத்து வருகிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நாம் இருக்கிறோம். வடக்குப் பகுதிப் பட்டியலில் முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளும்படி காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பெயருக்கு இடம் காலியாக இருக்கிறது.